முதல் ஹெலிகாப்டர்: வாங்கும் முன்பே விழுவதைப் பற்றி யோசிப்போம்

பெங்களூரு முருகேஷ்பாளையத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால், எச்.ஏ.எல். (ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ்) விமான நிலையத்திலிருந்து கிளம்பும் துருவ் ஹெலிகாப்டரை அண்ணாந்து பார்க்காமல், சத்தத்தை வைத்தே அடையாளம் சொல்லிவிடலாம். 1992 ஆகஸ்ட் 20 அன்று முதன்முதலாகப் பறந்த அந்த இயந்திரம் இந்த ஊரிலேயே வடிவமைக்கப்பட்டு, இந்த ஊர் வானத்திலேயே சோதிக்கப்பட்டது. அதனால்தானோ என்னவோ, இந்தப் பக்கத்துப் பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு ரிமோட் ஹெலிகாப்டர் கேட்காமலே வந்து சேரும் பரிசாக இருக்கிறது. போன கோடையில் கீழ்வீட்டுப் பையன் அப்படி வந்த ஒன்றைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு வந்தான்.

"அங்கிள், ரூமுக்குள்ள நல்லா பறந்துச்சு. இங்க வந்தா ரிமோட்டே எடுக்க மாட்டேங்குது."

அதில் பழுது எதுவும் இல்லை. தொலைக்காட்சி ரிமோட்டைப் போல அகச்சிவப்புக் கதிரால் இயங்கும் வகை அது. நண்பகல் வெயிலில் அதே அகச்சிவப்புக் கதிர் கொட்டிக் கிடப்பதால், ரிமோட் அனுப்பும் மெல்லிய சைகையை ஹெலிகாப்டரில் இருக்கும் சிறு கண்ணால் பிரித்தறிய முடிவதில்லை. தண்ணீர்த் தொட்டியின் நிழலில் வைத்ததும் எழும்பியது. நிழலைத் தாண்டிய நொடியில் கல்லாக விழுந்தது. இரண்டாம் முறை விழுந்தபோது பிரதான பல்சக்கரத்தில் மூன்று பற்கள் மழுங்கிவிட்டன. ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிய அந்த வெள்ளைப் பிளாஸ்டிக் சக்கரம் கிடைத்தால் கால் மணி நேரத்தில் மாற்றிவிடலாம். ஆனால் வாங்கிய கடையில் "பார்ட்ஸ் எல்லாம் வராது" என்று சொல்லிவிட்டார்கள். இரண்டே நாள் பறந்த பொருள் அலமாரிக்குப் போய்விட்டது.

முதல் ஹெலிகாப்டரைத் தேர்ந்தெடுக்க நினைக்கும் எவரிடமும் இந்தப் பல்சக்கரத்தில் தொடங்கித்தான் நான் பேசுவேன். எத்தனை சேனல் (தனித்தனியாக இயக்கக்கூடிய கட்டுப்பாடுகளின் எண்ணிக்கை), எவ்வளவு தூரம் போகும், கேமரா உண்டா, விளக்கு எரியுமா என்பவை அட்டைப் பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் கேள்விகள். புதிதாகப் பழகுபவரின் கையில் ஹெலிகாப்டர் நிச்சயம் விழும். முதல் வாரத்திலேயே பல முறை விழும். விழுந்த பிறகு என்ன உடையும், உடைந்தது எங்கே கிடைக்கும், அதை யார் மாற்றுவார் என்பவைதான் வாங்கும் முன் கேட்க வேண்டியவை. அவற்றுக்கு விடை சொல்ல, இந்த இயந்திரம் ஏன் இவ்வளவு எளிதாக விழுகிறது என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும்.

ஏன் விழுகிறது

ரிமோட்டால் இயங்கும் விமானங்கள் 1930களிலேயே பறந்துவிட்டன. கட்டுக்குள் நின்று பறக்கும் ரிமோட் ஹெலிகாப்டருக்கோ, ஜெர்மனியைச் சேர்ந்த டீட்டர் ஷ்லூட்டர் போன்றவர்கள் 1960களின் இறுதியிலும் 1970ஐ ஒட்டியும் செய்த சோதனைகள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. முப்பது ஆண்டு இடைவெளிக்குக் காரணம் மோட்டாரோ ரேடியோவோ மட்டும் அல்ல. நன்றாக வடிவமைத்த விமானம், ரிமோட்டின் குச்சியிலிருந்து கையை எடுத்தாலும் தானாகச் சமநிலைக்குத் திரும்பும் இயல்புடையது. ஹெலிகாப்டருக்கு அந்த இயல்பு கிடையாது. உள்ளங்கையில் ஒரு கம்பை நிமிர்த்தி வைத்துச் சாயாமல் பிடித்துக்கொண்டே நிற்பதைப் போன்றது அதை ஓரிடத்தில் நிறுத்துவது. கை ஒரு நொடி சும்மா இருந்தால் கம்பு சாயும், சாயத் தொடங்கியது மேலும் விரைவாகச் சாயும்.

இதோடு முறுக்கு விசையின் சிக்கலும் சேர்கிறது. மேலே இருக்கும் பெரிய விசிறியான ரோட்டார் ஒரு பக்கமாகச் சுற்றும்போது உடல் பகுதி எதிர்ப்பக்கமாகச் சுற்ற முனைகிறது. அதைத் தடுக்கத்தான் வாலில் சிறிய விசிறி. மேலே ஏற வேண்டும் என்று திராட்டிலை, அதாவது ஏற்றி இறக்கும் குச்சியைக் கூட்டினால் முறுக்கு கூடும். முறுக்கு கூடினால் வால் விலகும். வாலைத் திருத்த வால் விசிறியின் தள்ளலைக் கூட்டினால் முழு இயந்திரமும் பக்கவாட்டில் நகரும். நகர்வதைத் தடுக்கச் சாய்த்தால் தூக்கும் விசை குறைந்து கீழே இறங்கும். உயரம், வாலின் திசை, பக்கவாட்டு நகர்வு, முன்பின் நகர்வு என்ற நான்கில் ஒன்றைத் தொட்டால் மற்ற மூன்றும் அசையும். இரண்டு கட்டை விரல்களும் இந்த நான்கையும் ஓயாமல் சேர்த்துத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

இன்றைய பிள்ளைகள் பெரும்பாலும் நான்கு விசிறி டிரோனைப் பார்த்து வளர்ந்தவர்கள். கையை எடுத்தால் அந்தரத்தில் அப்படியே நிற்கும் டிரோனில் அந்த வேலையை உள்ளே இருந்து சாய்வை உணரும் கைரோ சில்லும் கணினியும் செய்கின்றன. ஹெலிகாப்டரும் அப்படித்தான் நிற்கும் என்று நம்பி வாங்குபவர்களுக்குத்தான் முதல் நாள் ஏமாற்றம் பெரிதாக இருக்கிறது. இன்று சில சிறிய ஹெலிகாப்டர்களிலும் உயரத்தைத் தானே காக்கும் அமைப்பு வந்துவிட்டது. பறக்கவிட்டுப் பார்த்து மகிழ மட்டுமே வேண்டும் என்றால் அது நல்ல தேர்வு. ஆனால் திராட்டிலை ஒரு கட்டளை பொத்தானைப் போல மட்டும் பழகிய விரல், அடுத்த நிலைக்குப் போகும்போது மறுபடி ஆனா ஆவன்னாவிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். பழகுவதற்கென்று வாங்குபவர் அந்த அமைப்பை அணைத்துவைக்கும் வசதி இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது.

மூன்று குடும்பங்கள்

கடையில் கிடைக்கும் ஹெலிகாப்டர்களை எண்ணற்ற பெயர்களில் விற்றாலும், பறக்கும் முறையை வைத்துப் பார்த்தால் அவை மூன்று குடும்பங்கள்தாம்.

ஒரே அச்சில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு ரோட்டார்கள் எதிரெதிர்த் திசையில் சுற்றும் கோஆக்சியல் வகை முதலாவது. மேல் ரோட்டாரின் முறுக்கைக் கீழ் ரோட்டார் சமன் செய்துவிடுவதால் முறுக்கை அடக்க வால் விசிறி தேவையில்லை; இரண்டின் வேகத்தில் சிறு வேறுபாடு உண்டாக்கினால் இடமோ வலமோ திரும்பும். மேல் ரோட்டாரோடு இணைந்த எடைத்தண்டு, உடல் சாய்ந்தாலும் தன் தளத்தை விட்டு எளிதில் விலகாமல் சுற்றி, சாய்வைத் தானே திருத்துகிறது. மூன்று சேனல் பொம்மைகளில் வாலில் படுக்கை வாட்டில் ஒரு சிறு விசிறி இருக்கும். அது வாலைத் தூக்கியோ தாழ்த்தியோ முன்னும் பின்னும் நகர வைக்கிறது. சைமா எஸ்107 இந்தக் குடும்பத்தில் உலகெங்கும் பெயர்பெற்றது. ஏறத்தாழ 40 கிராம் எடை, ஏறத்தாழ ஒரு சாண் நீளம், 150 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரி, ஒரு சார்ஜில் சுமார் ஏழெட்டு நிமிடம். கூடத்துக்குள் இதைப் பறக்கவிட எவராலும் ஒரு மணி நேரத்தில் பழகிவிட முடியும். ஆனால் கூடத்தில் மின்விசிறி ஓடினாலே ஓரமாகத் தள்ளிக்கொண்டு போகும். ரோட்டாரைத் தட்டையாக வைத்துக்கொள்ளும் அந்த நல்ல குணமே காற்றை எதிர்த்துச் சாய விடாமல் தடுக்கிறது. நான்கு சேனல் கோஆக்சியல் ஓரளவு பக்கவாட்டிலும் நகரும், இயல்பு ஒன்றுதான்.

இரண்டாவது, ஒற்றை ரோட்டாரும் வாலில் தனி மோட்டாரும் கொண்ட ஃபிக்ஸட் பிட்ச் வகை. ரோட்டாரின் இறக்கைகளான பிளேடுகளின் கோணம் நிலையாக இருக்கும். ரோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைத்தே ஏறி இறங்கும். இங்கேதான் உண்மையான ஹெலிகாப்டரின் நான்கு கட்டுப்பாடுகளும் முதன்முறையாகக் கைக்கு வருகின்றன. டபிள்யூஎல்டாய்ஸ் வி911 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பழைய வி911இல் எடைத்தண்டு பிளேடுகளுக்குச் செங்குத்தாக இல்லாமல் 45 பாகையில் பொருத்தப்பட்டிருந்தது. அந்த ஏற்பாட்டால் அது ஒற்றை ரோட்டார் என்றாலும் சாந்தமாக நின்றது. பின்னர் வந்த வி911எஸ் அந்தத் தண்டை நீக்கி, வேலையை ஆறு அச்சுக் கைரோவிடம் ஒப்படைத்தது. இரண்டும் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோவில் இயங்குவதால் வெயில் ஒரு பொருட்டல்ல. எடை மிகக் குறைவு என்பதால் புல்தரையில் தலைகீழாக விழுந்தாலும் பெரும்பாலும் மண்ணைத் தட்டிவிட்டு மறுபடி கிளப்பலாம்.

மூன்றாவது, கலெக்டிவ் பிட்ச். இதில் ரோட்டார் ஏறத்தாழ ஒரே வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்க, பிளேடுகளின் கோணம் நொடிக்கு நொடி மாறுகிறது. துருவ் பறப்பதும் இந்த முறையில்தான். கோணத்தை எதிர்த்திசைக்கும் திருப்ப முடிவதால் மாதிரி ஹெலிகாப்டர்கள் தலைகீழாகவும் பறக்கின்றன. இதை ஒரு சாகச வசதி என்று நினைத்துத்தான் பலர் ஒதுக்குகிறார்கள் அல்லது ஆசைப்படுகிறார்கள். உண்மையில் இதன் பெரிய பயன் உடனடிப் பதில். ஃபிக்ஸட் பிட்ச் வகையில் திராட்டிலைக் கூட்டினால் ரோட்டார் வேகம் பிடித்த பிறகுதான் எழும்பும்; காற்று தூக்கிக்கொண்டு போனால் இறக்கவும் நேரமாகும். கலெக்டிவ் பிட்ச்சில் விரல் அசைந்ததும் உயரம் மாறும். அந்த உடனடித்தன்மை புதியவரின் தவறுக்கும் அதே வேகத்தில் பதில் சொல்லும் என்பதுதான் அதன் ஆபத்து.

முன்பெல்லாம் இந்த மூன்றையும் படிப்படியாகக் கடக்கச் சொல்வோம். எக்ஸ்கே கே110 போன்ற சிறிய கலெக்டிவ் பிட்ச் ஹெலிகாப்டர்கள் வந்த பிறகு அந்த அறிவுரை முழுமையாகச் செல்லாது. ஒரு சுவிட்சைத் தட்டினால் கைரோ சாய்வைத் தானே சரிசெய்யும் நிலைக்கும், மறுபுறம் தட்டினால் முழுக் கட்டுப்பாடும் நம் கையில் இருக்கும் நிலைக்கும் அது மாறிக்கொள்கிறது. உள்ளங்கையில் வைத்துத் தூக்கிவிடக்கூடிய இயந்திரம், எடையும் மிகக் குறைவு. பிரதான ரோட்டாரைப் பிரஷ்லெஸ் மோட்டார் சுற்றுவதால், பிரஷ் தேய்ந்து சில மாதத்தில் வலுவிழக்கும் மலிவு மோட்டார்களின் தொல்லை அந்த இடத்தில் இல்லை.

அளவும் ஆபத்தும்

பெரியது நிதானமாகப் பறக்கும், சிறியது துள்ளும் என்பது ஹெலிகாப்டர் பறக்கவிடுபவர்களிடையே பழகிய பேச்சு. அது சரியான பேச்சுதான். எடையும் ரோட்டாரின் விட்டமும் கூடினால் காற்றின் தள்ளல் குறைவாகத் தெரியும். கண்ணுக்கும் நன்றாகப் புலப்படும். இந்தப் பேச்சை நம்பி முதல் ஹெலிகாப்டராகவே தைவானின் அலைன் நிறுவனத்து டி-ரெக்ஸ் 450 அளவை வாங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதைத் தயவுசெய்து செய்ய வேண்டாம் என்று அழுத்திச் சொல்கிறேன்.

காரணத்தைக் கணக்கிலேயே பார்க்கலாம். அந்த அளவில் ரோட்டாரின் விட்டம் ஏறத்தாழ 70 சென்டிமீட்டர். நிமிடத்துக்கு 2,800 சுற்று என்று வைத்துக்கொண்டால் பிளேடின் முனை மணிக்குச் சுமார் 370 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. பிளேடு கார்பன் இழையால் ஆனது. 2013இல் நியூயார்க் நகரப் பூங்கா ஒன்றில், இதைவிடப் பெரிய ஹெலிகாப்டரைத் திறமையாகப் பறக்கவிட்டுக்கொண்டிருந்த 19 வயது இளைஞர் ஒருவர் தம் ஹெலிகாப்டரின் பிளேடு பட்டே உயிரிழந்தார். அவர் புதியவர் அல்லர். சிறிய ஹெலிகாப்டரின் பிளேடு விரலில் பட்டால் சிவந்து கன்றும்; பெரியதன் பிளேடைத் தவறு செய்து பழகும் கருவியாக வைத்துக்கொள்ள முடியாது. பெங்களூரில் நாம் பறக்கவிடும் இடங்களில் நடைப்பயிற்சிக்கு வருவோரும் கிரிக்கெட் ஆடும் சிறுவர்களும் பத்தடி தள்ளித்தான் இருப்பார்கள் என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும்.

இந்த ஊரின் காற்றைப் பற்றியும் ஒரு சொல். பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால், காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ 8 முதல் 9 விழுக்காடு குறைவு. பிளேடுக்குப் பிடிமானம் அந்த அளவுக்குக் குறையும். அதே உயரத்தில் நிற்க மோட்டார் கூடுதலாக உழைக்கும். அட்டையில் போட்டிருக்கும் பறக்கும் நேரம் இங்கே சற்றுக் குறைந்தே கிடைக்கும். இதனால் பெரிய நட்டமில்லை. காற்றுவீச்சுதான் கவனிக்க வேண்டியது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவக்காற்று பகல் முழுக்க வீசும். அந்த மாதங்களில் சிறிய ஹெலிகாப்டரை வெளியே கொண்டுபோவதானால் விடிந்து ஒரு மணி நேரத்துக்குள் முடித்துக்கொள்ள வேண்டும். நிகழ்ச்சி இல்லாத நாளில் கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம் கிடைக்குமானால் அதைப்போல் பழகும் இடம் வேறில்லை. அல்சூரில் ஒரு மண்டபத்துப் பொறுப்பாளர் பெரிய மனது பண்ணி எங்களுக்கு அப்படி விட்டுக்கொடுத்திருக்கிறார். மொட்டை மாடி வேண்டவே வேண்டாம். கைப்பிடிச் சுவரைத் தாண்டினால் நான்கு மாடி கீழே தெரு.

வெளியே பறக்கவிடுவதற்குச் சட்டமும் உண்டு. 2021 ஆகஸ்டில் வந்த டிரோன் விதிகள் 250 கிராமுக்கு உட்பட்டவற்றை நானோ வகையில் வைத்து, அவற்றை இயக்க ரிமோட் பைலட் உரிமம் தேவையில்லை என்கின்றன. மேலே சொன்ன சிறிய ஹெலிகாப்டர்கள் எல்லாம் இந்த எல்லைக்குள் அடங்கிவிடும். ஆனால் உரிமம் வேண்டாம் என்பதற்கு எங்கும் பறக்கவிடலாம் என்று பொருள் கிடையாது. வான்வெளியைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்து அரசு வெளியிட்டிருக்கும் வரைபடத்தைப் பார்த்தே இடத்தை முடிவு செய்ய வேண்டும். எச்.ஏ.எல்., ஜக்கூர், எலகங்கா, தேவனஹள்ளி என்று நான்கு விமானத் தளங்களைச் சுற்றி வளர்ந்த நகரம் இது. எங்கள் முருகேஷ்பாளையம் எச்.ஏ.எல். சுவரை ஒட்டியே இருப்பதால் அங்கே நான் கூரைக்கு வெளியே எதையும் எழுப்புவதில்லை.

உடையும் பொருட்கள்

இப்போது பல்சக்கரத்துக்குத் திரும்பலாம். சிறிய ஒற்றை ரோட்டார் ஹெலிகாப்டர் விழும்போது ஒரு வரிசைப்படிதான் பழுதாகும். முதலில் பிளேடு விளிம்பில் சொரசொரப்பு ஏறும், பிறகு முறியும். அடுத்தது பிரதான பல்சக்கரத்தின் பற்கள். அதற்கடுத்து, இரண்டு பிளேடுகளையும் குறுக்கே தாங்கும் மெல்லிய தண்டு அல்லது பிரதான அச்சுத் தண்டு வளையும். வால் குழாயும் தரையில் ஊன்றும் கால்களும் அவ்வப்போது முறியும். கலெக்டிவ் பிட்ச்சில் இவற்றோடு, பிளேடின் கோணத்தை மாற்றும் சிறு மோட்டாரான சர்வோவின் உள்ளே இருக்கும் கடுகளவுப் பற்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். வாங்கும் முன் இந்த ஏழெட்டுப் பொருட்களின் பெயரையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றும் தனியாக விலைக்குக் கிடைக்கிறதா என்று கடைக்காரரிடமோ இணையக் கடையிலோ பார்த்துவிடுங்கள். ஹெலிகாப்டர் கிடைத்து உதிரி கிடைக்கவில்லை என்றால் அதை வாங்காதீர்கள். இதைவிட முக்கியமான அறிவுரை என்னிடம் இல்லை.

நம் நாட்டில் இந்தச் சோதனை கூடுதலாகத் தேவைப்படுவதற்குக் காரணங்கள் இருக்கின்றன. பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020இல் 20 விழுக்காட்டிலிருந்து 60 ஆகவும், 2023இல் 70 ஆகவும் உயர்ந்தது. 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்குத் தரச் சான்று கட்டாயமானது. 2022 பிப்ரவரியில் முழு டிரோன்களின் இறக்குமதிக்குத் தடை வந்தது. பாகங்களுக்குத் தடை இல்லை. உள்நாட்டு உற்பத்தியை வளர்க்க எடுத்த நடவடிக்கைகள் இவை. அந்த நோக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் பொழுதுபோக்குக்காக வாங்குபவர் சந்திக்கும் விளைவு, கையிருப்பு ஒழுங்காக இல்லாமை. ஒரு மாதம் வரும் மாடல் அடுத்த மாதம் இருக்காது. இன்று விற்கும் ஹெலிகாப்டருக்கு ஆறு மாதம் கழித்துப் பல்சக்கரம் கிடைக்கும் என்ற உறுதி கிடையாது. எனவே உலகெங்கும் பலர் வைத்திருக்கும், பல ஆண்டாக மாறாமல் தயாராகும் மாடலைத் தேர்ந்தெடுங்கள். ஹெலிகாப்டரோடு சேர்த்தே இரண்டு ஜோடி பிளேடு, இரண்டு பல்சக்கரம், இரண்டு குறுக்குத் தண்டு வாங்கி வையுங்கள். வால் மோட்டாரும் ஒன்று இருந்தால் நிம்மதி. கனெக்டர், மெல்லிய கம்பி, சாலிடர், சூடுபட்டால் சுருங்கும் குழாய் போன்றவற்றுக்கு, மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் ஒரு சனிக்கிழமை காலை சுற்றினால் போதும்.

பழுது பார்ப்பது கடினமான கலை அல்ல. ஒன்றை மட்டும் விளக்குகிறேன். விழுந்து எழுந்த ஹெலிகாப்டர் பறக்கும்போது வால் பகுதி கிடுகிடுவென்று நடுங்கினால், புதியவர்கள் கைரோ போய்விட்டது என்றே முடிவு கட்டுகிறார்கள். பெரும்பாலும் அது வளைந்த தண்டு. கழற்றி எடுத்து, மேசைமேல் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைப் படுக்க வைத்து, அதன்மேல் தண்டை விரல் நுனியால் மெல்ல உருட்டுங்கள். நேரான தண்டு, தன் பிம்பத்தோடு ஒட்டியே உருளும். வளைந்தது உருளும்போது தண்டுக்கும் பிம்பத்துக்கும் நடுவே ஒரு வெளிச்சக் கீற்று திறந்து திறந்து மூடும். முடியின் கனமே உள்ள அந்தக் கீற்று, நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்றில் முழு உடலையும் உலுக்கிவிடும். வளைந்த தண்டைத் தட்டி நிமிர்த்த முயல வேண்டாம், மாற்றிவிடுங்கள். திருகாணிகள் மிகச் சிறியவை என்பதால் வெள்ளைத் துணி விரித்து அதன்மேல் வேலை செய்வது நல்லது. நல்ல நுனியுள்ள சிறு திருப்புளிக்குச் செலவழிக்கத் தயங்க வேண்டாம். மலிவுத் திருப்புளி தேய்த்துவிட்ட திருகாணித் தலையைப் பிறகு எதனாலும் கழற்ற முடியாது.

பேட்டரியிலும் ரிமோட்டிலும் சுருக்கமாகச் சொல்ல வேண்டியவை உண்டு. லித்தியம் பாலிமர் பேட்டரியின் ஒரு செல் முழுதாக ஏறியதும் 4.2 வோல்ட் காட்டும். 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் கெட்டுவிடும். வாரக்கணக்கில் பயன்படுத்தாமல் வைப்பதானால் 3.8 வோல்ட் அளவில் வைக்க வேண்டும். முழுச் சார்ஜில் அலமாரியில் கிடந்தால் உப்பிப் போகும். சார்ஜ் ஏறும்போது டைல்ஸ் தரையில் வையுங்கள், மெத்தைமேல் வைக்காதீர்கள், வீட்டை விட்டு வெளியே போகாதீர்கள். ஒரு பேட்டரி சில நிமிடமே தாங்கும் என்பதால் நான்கைந்து இருந்தால்தான் பயிற்சி பயிற்சியாக இருக்கும். ரிமோட்டில் மோட் 2 என்பது திராட்டில் இடக்கையில் இருக்கும் அமைப்பு. மோட் 1இல் அது வலக்கையில். உங்களுக்குக் கற்றுத்தரப் போகிறவர் எதைப் பிடிக்கிறாரோ அதையே வாங்குங்கள். உதவ யாரும் இல்லை என்றால் மோட் 2. ஒரு முறை விரலில் படிந்துவிட்டால் மாற்றுவது பெரும்பாடு.

என் பரிந்துரை

பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு, வீட்டுக்குள் மட்டும் பறக்கவிட என்றால், உதிரி கிடைக்கும் கோஆக்சியல் போதும். அது வெளியே பறக்காது என்பதை வாங்கும்போதே பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள். கற்றுக்கொள்ள வேண்டும் என்ற எண்ணத்தோடு வரும் பெரிய பிள்ளைகளும் பெரியவர்களும் கோஆக்சியலைத் தாண்டி நேராக நான்கு சேனல் ஃபிக்ஸட் பிட்ச் சிறு ஹெலிகாப்டரில் தொடங்கலாம். அதில் கைகூடிய பிறகு, கைரோ உதவியை அணைக்கவும் முடிகிற சிறிய கலெக்டிவ் பிட்ச்சுக்குப் போகலாம். கணினியில் சிமுலேட்டர் வைத்துப் பழகும் பொறுமையும் உதிரிக்குச் செலவழிக்கும் வசதியும் உள்ளவர் இந்தச் சிறிய கலெக்டிவ் பிட்ச்சிலிருந்தே தொடங்கினாலும் தவறில்லை. சிமுலேட்டரில் நூறு முறை விழுந்தாலும் ஒரு பல்சக்கரம்கூடச் செலவாகாது. வாங்கும் பணத்தில் மூன்றில் ஒரு பங்கை உதிரிக்கும் பேட்டரிக்கும் ஒதுக்கிவிட்டு, மீதத்துக்கு எந்த ஹெலிகாப்டர் வருமோ அதை வாங்குவதுதான் என் கணக்கு.

முதல் நாள் பழகும்போது வாலை உங்கள் பக்கம் வைத்து நிறுத்துங்கள். அப்போதுதான் ஹெலிகாப்டரின் இடமும் உங்கள் இடமும் ஒன்றாக இருக்கும். மூக்கு உங்களைப் பார்த்தால் எல்லாம் தலைகீழ். வாலில் பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் சிறு பட்டை ஒட்டிவைத்தால், தூரத்தில் எது முன், எது பின் என்று கண் தடுமாறாது. பயந்து தரையோடு தரையாகப் பறக்கவிடாதீர்கள். ரோட்டார் கீழே தள்ளும் காற்று தரையில் மோதித் திரும்பி ஹெலிகாப்டரையே வழுக்க வைக்கும். இடுப்பளவு உயரத்தில் அது இன்னும் அமைதியாக நிற்கும். விழப்போகிறது என்று தெரிந்த நொடியில் காப்பாற்றப் போராடாமல் திராட்டிலை முழுதாக இறக்கிவிடுங்கள். சுற்றிக்கொண்டே தரையில் மோதினால்தான் பற்கள் மழுங்குகின்றன, மோட்டார் கருகுகிறது. நின்ற ரோட்டாரோடு விழுந்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை.

கீழ்வீட்டுப் பையனுக்கு அந்தப் பல்சக்கரம் கடைசிவரை கிடைக்கவில்லை. இந்த ஜனவரியில் அவன் அப்பா வேறொரு சிறிய ஃபிக்ஸட் பிட்ச் வாங்கித் தந்தபோது, பிளேடும் பல்சக்கரமும் போட்ட பாலிதீன் உறை ஒன்றும் கூடவே வந்தது. அல்சூர் மண்டபத்தில் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, வால் அவன் பக்கம் இருக்க, ஒரு முழு பேட்டரி தீரும்வரை அதை ஒரு மேசை அகல இடத்துக்குள் அவன் நிறுத்திக் காட்டினான். அந்த உறையிலிருந்து அதுவரை இரண்டு பல்சக்கரங்கள் செலவாகியிருந்தன. இரண்டையும் அவனே மாற்றியிருந்தான்.